சோற்றை விட்டவன்

காலையில் மனிதர்களின் வாய் எப்படியெல்லாம் வாடை அடிக்கும் என்பதை என் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பல் மருத்துவர்கூட ஒரு நாளைக்குப் பத்து இருபது பேரைத்தான் பார்ப்பார். எனக்கு நூற்றுப்பத்து பேர், பதினான்கு வருடமாக. வெங்காயம் தின்றது, தூங்காமல் வந்தது, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பியது, எல்லாம் தெரிந்துவிடும்.

பஸ் டிப்போவின் வாசலை ஒட்டிய சின்ன அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கிரீச்சிடும் மின்விசிறி. வண்டி எடுக்கப் போகும் ஓட்டுநர் ஒவ்வொருவரும் என் முன்னால் நின்று, குடித்திருக்கிறாரா என்று காட்டும் மெஷினில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் சாவி கொடுப்பேன். சிவப்பு எரிந்தால் பதிவேட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு சிவப்புக்கு எச்சரிக்கை, இரண்டுக்கு விளக்கக் கடிதம், மூன்றுக்குப் பணி இடைநீக்கம். எனக்கு டிப்போவில் 'ஊதல்' என்றுதான் பெயர். நானும் குடிப்பவன்தான். ஆனால் என்னை யாரும் ஊதச் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது ஆறடியைப் பற்றி. சொல்கிறேன் ஐயா. அவசரமில்லை என்றால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

ஆறடி எங்கள் டிப்போ ஓட்டுநர், உயரத்தால் வந்த பெயர், என்னைவிட எட்டு வயது இளையவன். நானும் அவனும் பதினோரு வருடம் சேர்ந்து குடித்தோம். விடுமுறை நாள் மதியம் என் வீட்டுக்கு வருவான். எனக்கு மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளைகள் இல்லை. அவன் வந்தால்தான் அந்த வீட்டில் இரண்டாவது நாற்காலிக்கு வேலை. ஒரு பாட்டிலைத் தனியாளாக முடித்துவிட்டு, கோடு போட்டால் கோட்டின் மேல் நடந்து காட்டுவான். குடித்தால் பாடமாட்டான், அழமாட்டான். பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அப்படி ஒரு துணை வாய்ப்பது கஷ்டம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடந்திருக்கிறான். அவன் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடப் பையோடு அவனைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறாள். எழுப்பவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அன்றைக்கு விட்டவன் அப்புறம் தொடவே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். "நல்லதுடா, குடும்பம் முக்கியம்" என்று முதுகில் தட்டினேன்.

அதன் பிறகு என் வீட்டுக்கு அவன் வரவில்லை. மரியாதையில் குறை வைக்கவில்லை. காலையில் "வணக்கம்ணே" என்பான், ஊதுவான், சாவியை வாங்குவான், போவான். ஒன்பது வருடத்தில் அவன் எனக்குக் கொடுத்ததெல்லாம் நாளைக்கு மூன்று வினாடி மூச்சு.

சென்ற வருடம் மருத்துவப் பரிசோதனையில் அவனுக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருப்பது தெரிந்தது. எடையைக் குறைக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகர் ஒரு அம்மாவிடம் போனான். அவர் கீட்டோ என்று ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்தார். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, சர்க்கரை கிடையாது. முட்டை, மீன், கறி, கீரை, வெண்ணெய், கொட்டை வகைகள். நாலு மாதத்தில் பத்தொன்பது கிலோ இறங்கினான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தான். "ஆறடி அஞ்சரை அடி ஆயிடுவான் போல" என்று கண்டக்டர்கள் கேலி பேசினார்கள்.

அந்த அம்மா கொடுத்த தாளின் நகலை அவன் என்னிடம்தான் கொடுத்தான், மருத்துவக் கோப்பில் வைக்கச் சொல்லி. நான் எதையும் படிக்காமல் கோப்பில் வைப்பவன் இல்லை. கடைசியில் மதுவைப் பற்றி நாலு வரி இருந்தது, அடிக்கோடு போட்டு. இந்த முறையில் இருக்கும்போது போதை சட்டென்று ஏறும், பழைய கணக்கு செல்லாது. சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு சொட்டும் கூடாது.

"இதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே. அந்தக் கடையை மூடி ஒம்பது வருஷம் ஆச்சு" என்று சிரித்தான்.

முதல் சிவப்பு எரிந்த அன்று நானே திகைத்துப் போனேன். அவன் வாயில் சாராய வாடை இல்லை. அழுகத் தொடங்கிய பழம் மாதிரி ஒரு வாடை. பதினான்கு வருட மூக்கு ஐயா, தப்பாது. இருந்தாலும் விதி விதிதான். எழுதினேன்.

"அண்ணே, என் பொண்ணு மேல சத்தியமா தொடலண்ணே" என்றான். வரிசையில் நின்ற மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் போன பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பால் விடாத காபி வரவழைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது, மனைவிக்கு முட்டி வலி, பழைய ஆறாம் நம்பர் தடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கிய கதை. நான் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

அந்த வாரமே மெஷினைப் பழுது பார்க்கிறவர் வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன். "பழைய மாடல் சார் இது. சோத்தை விட்டவங்க வாயில ஒரு வாடை வரும். அதையும் இது சாராயம்னு எடுத்துக்கும்" என்றார். "சந்தேகம்னா அந்தப் புது மெஷின்ல ஊத விடுங்க. அது ஏமாறாது."

புது மெஷின் என் அலமாரியில் பெட்டியோடு இருந்தது. பழையது கெட்டால் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். பழையது கெடவில்லை.

இரண்டாவது சிவப்பு பதினாறு நாள் கழித்து. விளக்கக் கடிதம் எழுத அவனுக்கு வரவில்லை. மாலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம், நீங்கள் படித்திருப்பீர்கள். அதிலும் 'நான் குடிக்கவில்லை' என்றுதான் எழுதினேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த காரணத்தை எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூன்றாவது சிவப்புக்கு அடுத்த நாள் அவன் மனைவி டிப்போவுக்கு வந்தாள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அவரு இல்லைங்கறாரு. உங்க வாயால சொல்லுங்க. குடிக்கிறாரா?"

"மெஷின் காட்டினதைத்தாம்மா நான் எழுதுறேன்."

"மெஷினை விடுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

நான் மேசையைப் பார்த்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அவள் புடவை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது வருஷம் நிம்மதியா தூங்கிட்டேன்ணே, அதுவே அதிகம் போல" என்றாள். அன்று மாலையே மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறடி எங்கே போவான்? ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தான். பழைய நாட்கள் போலவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். காலையில் மாத்திரை போட்டதோடு சரி, ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். முகம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் ஒரு செய்தி வைத்திருந்தான். மூன்றாவது முறை ஊதிய அன்றே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். சாராயம் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். ரிசல்ட் மறுநாள், திங்கட்கிழமை.

"காகிதம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்ணே" என்றான்.

எல்லாம் சரியாகிவிடும். மறுபடியும் காலையில் வணக்கம், மூன்று வினாடி. எனக்குக் களைப்பாக இருந்தது. கோபம் என்று சொல்லமாட்டேன்.

"காகிதம் வந்தா வேலை வரும். அவ நம்பிக்கை வருமா?" என்று கேட்டேன். "ஒம்பது வருஷம் தொடாம இருந்தும் ஒரு விளக்கு எரிஞ்சதும் கிளம்பிட்டா பாரு. யாருக்குடா நிரூபிக்கப் போற?"

நான் இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான், ஆனால் எழுந்து போகவில்லை.

"ரத்தம் குடுத்தாச்சு. இனிமே குடிக்கிறது அந்தக் காகிதத்துல ஏறாது" என்றேன். "விஸ்கியில மாவும் இல்ல, சர்க்கரையும் இல்ல. உன் டயட்டுக்கும் பழுதில்லை."

அந்த வார்த்தைக்கு அவன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே எடுத்தான்.

முதல் டம்ளருக்கே கண் சிவந்துவிட்டது. இரண்டாவதில் பேச்சு குழறியது. "என்னண்ணே இது, ரெண்டுக்கே தூக்குது" என்றான். ஆனாலும் ஆறாம் நம்பர் கதையை மறுபடி சொன்னான். நான் மூன்றாவதை ஊற்றினேன். பாதி குடித்திருப்பான். நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. விரல்கள் நடுங்கின.

"ஒரு மாதிரியா வருதுண்ணே. இனிப்பா ஏதாவது குடுங்க."

"டயட் கெட்டுப் போயிடும்டா" என்றேன்.

அதற்கும் சிரிக்கத்தான் பார்த்தான். அப்படியே சாய்ந்துவிட்டான். தலைக்குத் தலையணை வைத்தேன். சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டேன். தூங்குகிறான் என்று நினைத்ததாக அன்று வந்த உங்கள் போலீசாரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. தாளில் படித்தது வரிக்கு வரி என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. ஃபோன் என் மடியில் இருந்தது. ஒருமுறை அவன் கை எதையோ தேடியது. பிடித்துக்கொண்டேன், சில்லிட்டிருந்தது. அப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை. டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தேன்.

ரிசல்ட் திங்கட்கிழமை வந்தது. ஊதிய அன்று அவன் ரத்தத்தில் ஒரு துளி சாராயமும் இல்லை என்று. தெரிந்த விஷயம்தான்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு பிழை இருக்கிறது. பதிவேட்டில் தப்பாக எழுதியது வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து செய்ததாக இருக்கிறது. எனக்கு ஓய்வு பெற நாலு மாதம்தான் பாக்கி. அந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? மற்றதெல்லாம் சரி. மெஷின் தப்பு என்று தெரிந்தே எழுதினேன். குடித்தால் என்னவாகும் என்று தெரிந்தே ஊற்றினேன். இனிப்பு கேட்டான், எழுந்திருக்கவில்லை. கொன்றேன் என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள் ஐயா. மனைவி விட்டுவிட்டுப் போனாள். டிப்போ முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசி மூச்சு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.