ஏழாவது தாழி

அவைத்தலைவர் அவர்களே! பள்ளி நிர்வாகத்தாரே! தென்காசி, குற்றாலம், வீரகேரளம்புதூரிலிருந்து சாரலில் நனைந்து வந்திருக்கும் பெருமக்களே! கதவோரம் நிற்கும் முப்பிடாதியம்மா! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வரலாற்றாசிரியர் குத்தாலிங்கம் மறைந்துவிட்டார். எனக்கு முன் பேசிய ஐவரும் அவரை 'ஆராய்ச்சிப் பேரறிஞர்' என்றார்கள். ஐயா! மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பட்டம் எங்கே போயிருந்தது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு வீரகேரளம்புதூர்ப் பக்கம் கிணறு வெட்டியபோது பழைய முதுமக்கள் தாழி ஒன்று உடைந்து வெளிப்பட்டது. இறந்தவரை வைத்துப் புதைத்த, இடுப்பளவு உயரமுள்ள மண்தாழி. அத்தகைய தாழிகளைச் சக்கரத்தில் வனைந்தார்கள் என்று புத்தகங்கள் சொல்லின. நாமும் நம்பினோம். அவர் நம்பவில்லை. ஓடுகளைப் பானை வனையும் முப்பிடாதியம்மாளிடம் கொண்டுபோனார். அந்த அம்மாள் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னது இது:

"வாத்தியாரய்யா, இது சக்கரத்துல வந்தது இல்ல. உள்ள கல்லக் குடுத்து, வெளிய பலகையால தட்டியிருக்காவ. இங்கன பாருங்க, வெரல் பதிஞ்சிருக்கு. பொம்பள கை."

அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துக் காட்டினார். அச்சாகப் பொருந்தின!

இதை எந்த ஏட்டில் படிப்பீர்கள்? செய்து பார்க்கும் கைக்குத்தானே இது தெரியும்? அன்றிலிருந்து இருவரும் தாழி செய்யத் தொடங்கினார்கள். புத்தகம் சொன்னபடி சக்கரத்தில் வனைந்து பார்த்த முதல் இரண்டும் தம் கனத்திலேயே அமுங்கின. கையால் தட்டிய மூன்றாவது, வாய் விளிம்பு கட்டும்போது சரிந்தது. அடுத்த மூன்றும் சாரல் ஈரத்தில் சரியாகக் காயாமல் சூளையில் வெடித்தன. தையில் தொடங்கிப் பங்குனியில் சுட்ட ஏழாவது தாழி நின்றது! கையால் தட்டியது, சாரல் இல்லாத மாதங்களில் செய்தது. முன்னோர் வேலை செய்த முறையும் பருவமும் அப்போதுதான் விளங்கின.

கடந்த வைகாசியில் திருநெல்வேலி அறிஞர் அவையில் இதைச் சொன்னார். தலைமை வகித்த சென்னைப் பேராசிரியர், "பானை செய்வதும் ஆராய்ச்சியோ?" என்றார். அவை சிரித்தது. குத்தாலிங்கம் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, "நீங்க தாழியைப் பாத்து எழுதினீங்க. நாங்க ஆறு தாழியை உடையக் குடுத்துட்டுப் பேசுதோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதே பேராசிரியர் இன்று இரங்கல் தந்தி அனுப்பியிருக்கிறார். 'அருமை நண்பர்' என்கிறது தந்தி!

சென்னைக்காரரைச் சொல்லி என்ன பயன்? நாம் என்ன செய்தோம்? அந்த ஏழாவது தாழியை அவர் நம் பள்ளிக் கொட்டகையில் வைத்திருந்தார். 'சாவுப்பானை பள்ளிக்கூடத்தில் இருக்கலாகாது' என்று ஆனி மாதம் ஒரு மனு எழுந்தது. பன்னிரண்டு ஆசிரியர்கள் கையெழுத்திட்டோம். ஆம், இட்டோம்! மூன்றாவது கையெழுத்து, கணக்கு வாத்தியார் சிவசுப்பிரமணியன். அதாவது நான். நிர்வாகத்துக்குப் பயந்து இட்டேன்.

அவர் கண்முன்னே கடப்பாரையால் தாழியை உடைத்தார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார். "ஒடைஞ்சா என்ன அண்ணாச்சி? இப்பத்தான் உள்கனத்தை அளக்க முடியுது" என்றார். ஒழுகும் கொட்டகையில், சாரலில் நனைந்தபடி மூன்று நாள் ஒவ்வோர் ஓடாக அளந்தார். நாலாம் நாள் குளிர்க்காய்ச்சல். பத்தொன்பதாம் நாள் அவர் இல்லை.

காய்ச்சலா அவரைக் கொண்டுபோயிற்று? உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். என் நெஞ்சு எனக்குச் சொல்லிவிட்டது.

பெருமக்களே! அவர் அளவெடுத்த குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. கட்டுரை குத்தாலிங்கம், முப்பிடாதி என்ற இரண்டு பெயரிலும் வெளிவரும். எந்த அவை சிரித்தாலும் வெளிவரும். தை பிறந்ததும் சிற்றாற்றங்கரையில் எட்டாவது தாழிக்கு மண் மிதிக்கிறோம். கையெழுத்திட்ட பன்னிருவரையும் அழைக்கிறேன். மாலை வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

நேற்று முப்பிடாதியம்மாளிடம் போய் இதைக் கேட்டேன். "செய்யுதேன் ஐயா. ஆனா இந்தத் தடவ யாரு ஒடைக்க வருவாவன்னு முன்னாலயே சொல்லிருங்க" என்றார்.

அதற்கான பதிலை இந்த அவையின் முன் இப்போது சொல்லுகிறேன்: அம்மா, உடைக்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டி வரட்டும்.