செவலை நனையக் கூடாது

குதிரையின் முதுகில் பனி கரையாமல் கிடந்தால் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள், ஐயோ பாவம் என்று அதைத் தட்டிவிடப் போவார்கள். தட்டக் கூடாது, ஐயா. உடம்புச் சூடு மயிருக்குள்ளேயே அடைந்து நிற்பதால்தான் மேலே விழுந்த பனி அப்படியே கிடக்கிறது. காய்ந்த குளிர் எவ்வளவு அடித்தாலும் எங்கள் குதிரை தாங்கிவிடும். தண்ணீர் பட்டு மயிர் தோலோடு படிந்துபோனால்தான் ஆபத்து. அதோடு காற்றும் சேர்ந்துகொண்டால் பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மேய்ச்சல் வெளியில் இருந்த எல்லா உயிரும் தொப்பலாக நனைந்திருக்க, என் குதிரை செவலை மட்டும் எப்படிக் காய்ந்திருந்தது என்று கேட்டீர்கள். நான் காய வைத்தேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நான் பயந்தவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஜூத் வருடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்; புல்லெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில் போன வருடம். குளிர்காலம் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்த குதிரைகள், வசந்தத்தில் வந்த ஒரே மழையில் போயின. மழை பெய்து பெய்து பனியாக மாறியது. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சில இன்னும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்த ஒரே பெண்குதிரைக்குப் பிறந்தவன்தான் செவலை. அன்றிலிருந்து கூடாரத்துக் கம்பளியில் மழை விழும் சத்தம் கேட்டாலே எனக்குக் குலை நடுங்கும். இப்போதுகூட உங்கள் தகரக் கூரையில் சொட்டுகிறது. கையை மேசைக்கு அடியில் வைத்திருப்பது அதனால்தான், வேறெதற்கும் இல்லை.

பூரெவ் என் மனைவி ஹாந்தாவின் தம்பி. நல்ல பையன். வசந்தத்தில் குதிரைகள் குட்டி போடும் சமயத்துக்கு எங்களுக்கு ஒத்தாசையாக வந்து தங்குவான். அன்றைக்குக் காலையில் உப்புத் தேநீர் குடிக்கும்போதும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

"ஏக்கா, மாமா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போறாரே, ஒண்ணுக்கா? இல்ல செவலைக்குப் போத்திவிடவா?"

"போத்திவிடத்தான். எனக்கு இருமல்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. அது தும்முனா தூக்கம் போயிரும்" என்றாள் ஹாந்தா.

"பேசாம நீயும் நாலு கால்ல நில்லுக்கா" என்றான் அவன். நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் கிடையாது. வெளியே உங்கள் ஆட்கள் சொத்துத் தகராறு, பொம்பளைத் தகராறு என்று எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்கு முன்பே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் மழை, பிறகு காற்று, பிறகு மழையுமில்லாத பனியுமில்லாத அந்த ஈரப்பனி. குதிரைகள் குளிர்கால மயிரை உதிர்க்க ஆரம்பித்திருந்த நேரம். மந்தை காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்போன போக்கில் போக ஆரம்பித்தது. நானும் பூரெவும் விரட்டிக்கொண்டு போனோம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் ஏறியிருந்த செவலையைத்தான் அடித்து ஓட்டினேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான். மந்தை எப்படியோ பள்ளத்தில் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் செவலை வியர்த்து நுரைத்துப்போயிற்று. வியர்வையும் ஈரம்தானே.

அந்த நேரத்தில்தான் பூரெவின் குதிரை, மர்மோத்து என்கிற மலை அணில் தோண்டிய வளைக்குள் காலை விட்டது. அவன் தலைக்குப்புற விழுந்தான். குதிரை எழுந்து ஓடியே போய்விட்டது. அவனுக்குத் தொடை எலும்பு போயிருந்தது. கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"மாமா, கால் என்னுது மாதிரியே இல்ல" என்றான். அப்போதும் சிரிக்கப் பார்த்தான். "செவலையில என்னைத் தூக்கிப் போடுங்க. அக்கா திட்டிக்கிட்டே கட்டுப் போட்டுவிடும்."

வியர்த்த குதிரையை ஈரப்பனியில் இரண்டு ஆள் பாரத்தோடு ஓட்ட முடியாது, ஐயா. எந்தக் குதிரைக்காரனை வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் சேணத்து வாரைத் தளர்த்த வேண்டும், மெல்ல நடத்த வேண்டும், காற்றுப் படாத இடத்தில் நிறுத்த வேண்டும், துடைக்க வேண்டும். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, சீக்கிரம்" என்றான். அவனும் குதிரைக்காரன் மகன், அவனுக்குப் புரிந்தது.

பக்கத்தில் பாறை ஒன்று குடைந்தாற்போல இருந்தது. ஒரு குதிரை நிற்கத்தான் இடம். செவலையை உள்ளே நிறுத்தினேன். பூரெவையும் உள்ளே இழுத்துப் போடலாமா என்று யோசித்தேன். குதிரை மிதித்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் வாயிலில் கிடத்தினேன். காற்று வருகிற பக்கம் அது. அவன் குறுக்கே கிடந்ததால் உள்ளே சாரல் குறைந்தது. அதற்காகப் போட்டேன் என்று சொல்லவில்லை, குறைந்தது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

துடைக்கக் காய்ந்த துணி வேண்டும். என் உடம்பில் ஒரு நூல்கூடக் காய்ந்து இல்லை. பூரெவ் மழைக்கோட்டு போட்டிருந்தான். அவனுடைய தொப்பி உள்பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. அதை வாங்கி வயிற்றையும் விலாவையும் தேய்த்தேன். செவலை நடுங்கிக்கொண்டிருந்தது. குதிரை நடுங்கினால் வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும், தீனிதான் உள்ளே சூடு தரும். அந்தப் பாறையில் புல் ஏது? பூரெவின் மடியில் ஹாந்தா பொரித்துக் கொடுத்த மாவுத் துண்டுகள் இருந்தன. அவனுக்குப் பல் கிட்டிக்கொண்டு மெல்ல வரவில்லை. வீணாகத்தானே போகும்? செவலை என் உள்ளங்கையிலிருந்தே தின்றது.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்த பார்வை மாறியது. குளிருக்குப் பயந்தவனின் பார்வை எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. என்னைப் பார்த்துப் பயந்தான். எனக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. எத்தனை வருடப் பழக்கம்.

"மாமா, நான் பூரெவ்" என்றான். "அக்காவோட தம்பி. பூரெவ்."

"தெரியும் மாப்ளே" என்றேன். "கொஞ்சம் பொறு. நடுக்கம் நிக்கட்டும்."

நிற்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. காது சில்லிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஜூத் வருடத்தில் பார்த்திருக்கிறேன். மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. முதுகுக்குப் போர்த்தக் காய்ந்ததாக ஏதாவது வேண்டும். நனைந்த போர்வை, போர்வையே இல்லாததைவிட மோசம். அங்கே காய்ந்ததாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மழைக்கோட்டுக்கு அடியில் பூரெவ் போட்டிருந்த ஆட்டுத்தோல் அங்கி. ஹாந்தா தைத்தது. தோள் அகலம், செவலையின் இடுப்புக்குச் சரியாக வந்தது. அதன் மேல் மழைக்கோட்டையும் விரித்துவிட்டேன்.

ஆமாம், கைபேசி அங்கியின் உள்ளே இருந்தது. ஒருமுறை அடித்தது. திடீரென்று முதுகின் மேலேயே அப்படிச் சத்தம் வந்தால் எந்தக் குதிரைதான் மிரளாது? பின்னங்காலைத் தூக்கிவிட்டது. எடுத்து அணைத்துவிட்டேன். ஹாந்தாவின் பெயர் திரையில் வந்தது உண்மைதான். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால் அது இன்னும் மிரண்டிருக்கும்.

நடந்து போய் ஆள் கூட்டி வந்திருக்கலாமே என்று உங்கள் பக்கத்தில் இருக்கிறவர் கேட்டார். வீடு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான். எங்கள் நாய் குரைப்பது பாறைக்குக் கேட்டது, நான் இல்லையென்று சொல்லவில்லை. பூரெவும் அதைக் கேட்டான். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கிடந்தான். ஆனால் நான் போய்விட்டால் செவலையை யார் பார்ப்பது? தனியாக விட்டால் காற்றோடு போய்விடும். அதைப் பார்க்க ஆள் வேண்டாமா?

சாயங்காலம் காற்று அடங்கியது. செவலையின் காது வெதுவெதுப்பாகிவிட்டது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பூரெவ் அசையாமல் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். ஈரத்தில் ஏற வேண்டாம் என்று செவலையைக் கையில் பிடித்து நடத்தியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஹாந்தா வாசலில் நின்றிருந்தாள். குதிரையின் மேல் கிடந்ததைப் பார்த்தாள். மழைக்கோட்டை விலக்கி, அங்கியின் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். தன் தையல் தனக்குத் தெரியாதா?

"பூரெவ் எங்க?"

"முதல்ல இவனைப் பாரு. நடந்து வந்த சூடு ஆறிறக் கூடாது" என்றேன்.

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு, என் மேல் பாவாடைகூடப் படாமல் விலகி, மேட்டைப் பார்த்து ஓடினாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவளுக்கும் குதிரை என்றால் உயிர். செவலைக்கு ஒன்று ஆகியிருந்தால் அவளும்தான் அழுதிருப்பாள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அவனைக் காற்றில் கிடத்தியது நான், தீனியை எடுத்தது நான், அங்கியை எடுத்ததும் நான்தான். ஆனால் பிடுங்கினேன் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவனே மனதாரக் கொடுத்தது அது. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. அங்கியின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.