இலையை மடித்த ஹாலந்துக்காரர்

கோலாலம்பூர் சென்ட்ரலுக்குப் போகக் கிள்ளானில் நான் ஏறிய கொமுட்டர் ரயிலில் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் தங்கச்சி கட்டிக்கப் போற ஆளு மூணு படத்துல பொண்டாட்டிய கொன்னிருக்காரு" என்றார் பச்சைச் சேலைக்காரர்.

"அது நடிப்பு லா, அக்கா" என்றார் தோழி.

"ஹாலந்துல பொறந்து ஊரு ஊரா போய் நடிச்ச ஆளு. ஹீரோவே ஆனதில்ல. பாதிரியார், டாக்டர், இல்லன்னா கொலைகாரன். நேத்து எங்க வீட்டுல சாப்பிட்டாரு. மட்டன் பெரட்டல்ல உப்பு கூடிப்போச்சு, எனக்கே தெரியுது. அவரு சூப்பர்னு சொல்லி, வாழையிலைய தன் பக்கமா மடிக்கிறாரு! நல்ல சாப்பாட்டுக்கு அப்படித்தான் மடிக்கணும்னு வெள்ளைக்காரனுக்கு யாரு சொன்னது? ரிகர்சல் பார்த்துட்டு வந்திருக்காரு."

"நெசமாவே பிடிச்சிருக்கும்க்கா."

"எப்படி நம்புறது? காலம் பூரா பொய்யா அழுதே சம்பளம் வாங்கின ஆளு."

"உங்க வீட்டுக்காரரு ஒருநாளாவது நல்லா இருக்குன்னு நடிச்சிருக்காரா?"

பச்சைச் சேலைக்காரர் தோழியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் தீபாவளிக்கு என் பெரட்டல் பிரமாதம்னு சொன்னியே?"

தோழி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சென்ட்ரல் வந்துருச்சுக்கா, எறங்குவோம்."

வண்டி அப்போதுதான் சுபாங் ஜெயாவை விட்டுக் கிளம்பியிருந்தது; சென்ட்ரலுக்கு இன்னும் பல நிறுத்தங்கள் இருந்தன.