சகலைக்கு எடுத்த பந்து

பிக்கிள்பால் என்பது வலைக்கு இருபுறமும் நின்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம். அதைத் திறந்தவெளியில் ஆடுவதற்குப் பந்து வாங்கும்போது முதலில் ஓட்டையைப் பாருங்கள். உள்ளரங்கப் பந்தில் ஓட்டை பெரிது, பிளாஸ்டிக்கும் மெத்தென்று இருக்கும். காற்றடித்தால் போன இடம் தெரியாது. வெளியில் ஆட, சின்னச் சின்ன ஓட்டை போட்ட கெட்டிப் பந்து வேண்டும். பந்தின் இரண்டு பாதியும் ஒட்டுகிற இடத்தை நகத்தால் தடவ வேண்டும். தரையில் சுழற்றிவிட்டுக் கோணலாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் இதையெல்லாம் மெனக்கெட்டுச் செய்தவன் நான். 'பந்து டாக்டர்' என்பார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

நிறம் இன்னும் முக்கியம். ஆடுகளத்தின் ஒரு பக்கம் உயரமான செடிவேலி. பச்சைப் பந்து அதில் கலந்துவிடும். என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் அக்கா கணவருக்கு, ஆரஞ்சு தவிர வேறு ஆகாது. சின்ன வயதுக் காய்ச்சலில் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றுதான் பார்வை. அவருக்காகவே கடை கடையாக ஏறி ஆரஞ்சுப் பந்து வாங்கி வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். பந்திட்டவனை எவன் நினைக்கிறான்?

போன சனிக்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். புதுப் பந்து வாங்கும் பேச்சு வந்தது. நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகலை குறுக்கே புகுந்தார்.

"விடுங்கப்பா, சகலை சொல்ற பந்தையே வாங்குவோம். அவர் வீட்டுல அவர் பேச்சு ஒண்ணும் செல்லாது. பாவம், பந்தையாவது முடிவு பண்ணிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் மனைவியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்படி. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் கத்துகிறவன் இல்லை. என் தட்டை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போதே பந்தை முடிவு செய்துவிட்டேன்.

பச்சை. இருப்பதிலேயே கெட்டியான ரகம். குளிர்காலத்தில் பந்து இறுகிவிடும் என்று சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுக்கிறவன் நான். அன்று ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை அவர் வந்து என் தோளில் கைபோட்டார்.

"நேத்து வாய் கொஞ்சம் நீண்டுருச்சு சகலை. மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கும் வீட்டுல செமத்தியா விழுந்துச்சு."

"அட, அதுக்கென்ன சகலை," என்றேன். "உங்க கண்ணாடில ஆவி படியுது பாருங்க. கழட்டிட்டு ஆடுங்க, நல்லா தெரியும்."

அது கண்ணுக்கு அடிபடாமல் இருக்கப் போடுகிற கண்ணாடி. உடனே கழற்றினார். ஆட்ட விஷயத்தில் நான் சொன்னால் மறு பேச்சு கிடையாது.

"ஆரஞ்சு இல்லையா?"

"எல்லாம் உடைஞ்சிருச்சு."

வேலி என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் சும்மா தட்டினேன். அவர் வலையை ஒட்டி வந்து நின்ற சமயம், பந்து எனக்கு வாகாக உயர எழும்பியது. தரையில் அடித்திருந்தால் புள்ளி கிடைத்திருக்கும்.

கூட ஆடியவர்கள் விபத்து என்கிறார்கள். சகலையும் அப்படித்தான் சொல்கிறார். வலது கண்ணிலும் இனி பார்வை வராது என்று டாக்டர் சொன்னபோதும், "சகலை என்ன பண்ணுவாரு, என் நேரம்" என்றார். வேண்டுமென்றே அடித்தாயா என்று, இன்ஸ்பெக்டர், நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். குறி பார்த்துத்தான் அடித்தேன்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எல்லாவற்றுக்கும் என் மனைவி என் முகத்தைத்தான் பார்க்கிறாள். இந்தப் புத்தி அவளுக்கு அன்றைக்கே இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? தப்பு யார் பேரில் என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், சீக்கிரம் அனுப்பிவையுங்கள். சகலைக்குப் புண் ஆறச் சொட்டு மருந்து விடும் நேரமாகிவிட்டது. வேறு யார் வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறார். என் கை என்றால்தான் கண்ணைத் திறக்கிறார்.