இயேசுவை விடப் பெரியவர்

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் கழுத்தில் சிலுவைச் சங்கிலி; பக்கத்தில் இருந்தவர் நெற்றியில் திருநீறு.

"எங்க வீட்டுக்காரரு இயேசுவை விடப் பெருசா இருக்காரு, லெட்சுமி," என்றார் சிலுவைக்காரர்.

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"சபைத் தலைவர் ஆனதும் கிறிஸ்மஸ் வாழ்த்துன்னு ஒரு பேனர் அடிச்சாரு. மேல்பாதி முழுக்க அவரு மூஞ்சிதான், கோட்டு போட்டுக்கிட்டு."

"சாமி?"

"கீழ மூலையில, அச்சடிச்ச கடையோட போன் நம்பர் பக்கத்துல படுத்திருக்காரு."

"பாவம் லா, பச்சப்புள்ள."

"அந்தப் புள்ள வளந்து குருவாகி, சீடருங்க காலெல்லாம் குனிஞ்சு கழுவுச்சு. இவரு தின்ன தட்டக்கூட கழுவ மாட்டாரு."

"அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லலாம்ல?"

"சொன்னேன். தலைவர் மூஞ்சி தெரியலன்னா சபைய யாரு மதிப்பான்னாரு."

"அப்புறம்?"

"நேத்து நல்ல காத்துல்ல, பேனர் மேல்பாதி பின்னால மடங்கிக்கிச்சு. அவருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

பஸ் தோட்டத்துச் சபையின் தேவாலயத்தைக் கடந்தது. வேலியில் பேனர் சரிபாதியாக மடங்கியிருந்தது. வைக்கோலில் படுத்த குழந்தையும் போன் நம்பரும்தான் தெரிந்தன. மடிப்பின் இரண்டு முனையிலும் சிவப்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

லெட்சுமி கழுத்தைத் திருப்பி, அது மறையும் வரை பார்த்தார்.

"காத்து நல்லாத்தான் முடிச்சு போடுதுக்கா."