மொட்டை போடுகிறேன் என்றவர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நேற்று பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்தபோது, எதிர் இருக்கையில் என் மகன் வயதில் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய துணிப்பை.

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "உன் இருதய ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"அங்க எடுக்க என்னங்க இருக்கு? முருகன் தேடித்தான் பாக்கணும் லா!"

"காதோரம் கொஞ்சம் இருக்குல்ல? இருக்கிறதைத்தானே குடுக்க முடியும்."

அவள் குலுங்கிச் சிரித்தாள்.

"உனக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? என்னால தூக்க முடியல. அதான் அவன்கிட்ட குடுத்துட்டேன். நீங்க ஏன் அதைத் திரும்ப வாங்கி வச்சிருக்கீங்க?"

ஃபெரி கரையைத் தொட்டதும் அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் எழுந்து அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நாளைக்கு நான் கண்ணு முழிக்கிறப்ப அந்தக் காதோர முடியோட எதிர்ல நில்லுங்க. முருகனுக்கு அப்புறமா குடுக்கலாம். நான் முதல்ல பாக்கணும்."

அம்மாடி, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, இதை ஒரு தரம் சத்தமாகப் படி. அவள் சொன்னது மாறாமல் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.