நாற்பத்திரண்டில் நிற்க வேண்டிய பேட்டரி

தலைமை ஏற்றிருக்கும் ருஸ்கா பாபேவா அம்மையாருக்கும், படிக்கட்டு வரை நிறைந்து நிற்கும் நம் கட்டிடத்துக் குடும்பங்களுக்கும் என் வணக்கம்.

பொறியாளர் நெவெனா கரஸ்லவோவா அவர்கள் மறைந்து இன்றோடு நாற்பது நாட்கள். நம் வழக்கப்படி அவர் பெயரால் வழங்கிய அவித்த கோதுமை உங்கள் கைகளில் இருக்கிறது. நான் சட்டம் படித்தவன். அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கீழறையில் மேசை போட்டு, நம் சைக்கிள் பேட்டரிகளையும் சார்ஜர்களையும் மீட்டர் வைத்து அளந்தாரே, எதற்காக? அன்பினால் என்பீர்கள். உண்மை, ஆயினும் முழு உண்மை அன்று.

மூன்றாண்டுகளுக்கு முன் அதே அறையில், உணவுப் பொட்டலங்கள் கொண்டு சேர்க்கும் நம் ஸ்தமெனின் பேட்டரி தீப்பிடித்தது. உயிர்கள் தப்பின; பாபேவா அம்மையார் குளிர்காலத்துக்கெனச் சுட்டுத் தோலுரித்து அடைத்துவைத்திருந்த அறுபது குடமிளகாய் ஜாடிகள் தப்பவில்லை. ஸ்தமெனை வெளியேற்ற அன்று மாலையே கூட்டம். மனைவி மக்களோடு வாடகைக்கு இருந்தவர் எங்கே போவார்?

அன்று மதியம் நெவெனா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில், தீயில் பாதி கருகிய சார்ஜர். ஸ்தமெனுக்கு அவரே இரவல் தந்தது. ஸ்தமெனின் பேட்டரியில் பத்துச் செல்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டே எல்லை. ஆக, 42இல் நின்றிருக்க வேண்டும். இந்தச் சார்ஜரோ வேறு வகை லித்தியம் பேட்டரிக்கு உரியது, 43.8 வரை ஏற்றும். இரண்டின் மேலும் ‘36 வோல்ட்’ என்றே அச்சிட்டிருக்கும். சொருகும் முனையும் ஒன்றே. மிகையைத் தடுக்க வேண்டிய, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை பழுதாகியிருந்தது.

இதுவரை எவருக்கும் தெரியாத ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் அவரிடம் சொன்னது இது: “பேசாதீங்க. வாயத் திறந்தா பொறுப்பு உங்க தலையில விழும். உங்கள யாரும் கேக்கலியே.”

“கேக்கலங்கிறதாலதான் வந்தேன், வக்கீல் சார்.”

மாலையில் அவர் எழுந்து, தவறு தன்னுடையது என்றார்; இரண்டு எண்களையும் சொன்னார். நம் தலைவர் பாபேவா அம்மையார் விடவில்லை.

“இன்ஜினியருக்குப் படிச்சவதானேடி நீ? அளந்து பாக்காமலா குடுத்த? என் மிளகாய்க்கு யாரு பதில் சொல்றது?”

“அளக்கல, ருஸ்கா. ஒரே மாதிரி இருந்துச்சு, குடுத்துட்டேன். இந்த வருஷ மிளகாய நான் வந்து சுட்டுத் தர்றேன். அந்த மனுஷன விட்டுரு.”

ஸ்தமெனை வெளியேற்றும் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. இலையுதிர்காலத்தில் அவர் நான்கு நாட்கள் முற்றத்தில் அமர்ந்து மிளகாய் சுட்டார். பாபேவா அம்மையார் தோலுரித்தார். அதன்பின்தான் வெள்ளிக்கிழமை மேசை வந்தது. 42இல் நிற்கும் சார்ஜர் முனைக்குத் தம் சிவப்பு நகப்பூச்சையும், 43.8க்கு நீலத்தையும் தீட்டினார். மீட்டர் பார்க்காமல் ஒன்றுக்கும் நிறம் தரவில்லை.

அன்பர்களே! எல்லையை அளப்பதை ஒரு வாரத்தில் கற்கலாம். கேட்பாரில்லாதபோதும் தன் தவற்றைச் சொல்வதற்கு எத்தனை காலம் வேண்டும்? எனக்கு மூன்றாண்டுகள் ஆயின. ஸ்தமென் அவர்களே, அன்று உங்களை வீதிக்கு அனுப்பியிருக்கக் கூடிய அறிவுரை என்னுடையது. மன்னியுங்கள்.

அவரது மீட்டரும் இரு பூச்சுக் குப்பிகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இவ்வெள்ளி முதல் அந்த மேசையில் நான் அமர்வேன். முதல் சார்ஜரை நீங்கள் கொண்டு வாருங்கள், ஸ்தமென்.